கல்லை அடுக்குகிறவர்கள்

கல்லைப் பெட்டியில் அடுக்கினார்கள்.

அதுதான் அவனுக்கு உறுத்தியது.

முப்பது வருஷம் கிணறு வெட்டிய உடம்பு. வெடி வைத்திருக்கிறான், கல் சுமந்திருக்கிறான். தண்ணீருக்குத் தோண்டுகிறவன் கல்லைத் தூரக் கொட்டுவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

எந்திரத்தோடு வந்த இவர்கள் ஒரு துண்டையும் விடவில்லை. குழாய்க்குள்ளிருந்து வழுக்கி வரும் உருளைக் கல்லைப் பச்சைப்பிள்ளையைப் போல இரண்டு கையாலும் ஏந்தினார்கள். கழுவினார்கள். எண் எழுதினார்கள். படம் பிடித்தார்கள்.

அவன் நிலத்தில் இலவச போர்வெல் என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கியிருந்தார்கள்.

இடம் காட்டியது அவன். வேம்புக்குக் கிழக்கே, பள்ளத்தில். இன்ஜினியர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, பாறைமேட்டில் கொண்டுபோய் எந்திரத்தை நிறுத்தினார்.

மேட்டில் எவன் தண்ணீர் தேடுவான்?

பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தான்.

"சும்மா குடுக்கறதுக்கும் நொட்டை சொல்லுங்க" என்றாள் பாவாயி. "ஏழு வருசமாக் கொடம் தூக்கி என் உச்சந்தலை சொட்டையாப் போச்சு."

எந்திரத்துக்குப் பொட்டு வைத்தவளும் அவள்தான்.

குழாய் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"இந்தக் கல்லு எதுக்குங்க தம்பி?"

"செல்போனு, பேட்டரி காரு எல்லாத்துக்கும் இதுக்குள்ள இருக்கறதுதாண்ணே வேணும். அந்தக் காருல புகையே வராது. ஊரு சுத்தமா இருக்கும்."

"எந்த ஊருங்க?"

குழாய்க்காரன் சிரித்தான். இன்ஜினியர் பக்கம் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

இருநூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் பொங்கியது.

பாவாயி குலவை போட்டாள். தேங்காய் உடைத்தாள். பக்கத்து நிலத்துப் பெண்கள் வரப்பேறி ஓடிவந்தார்கள்.

அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தான்.

இன்ஜினியரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு கல்லை நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பி, சின்னக் கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுக்குள் நரம்பு போல ஏதோ மின்னியது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பேசிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார், போனில் இருப்பவருக்குத் தெரியவா போகிறது என்ற நினைப்பே இல்லாமல்.

இவன் நிலம். பக்கத்து நிலம்.

அதற்கும் அப்பால், ஊர்.

பெட்டிகள் ஜீப்பில் ஏறின. பாவாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடினாள்.

"சார், நாளைக்கே மோட்டார் மாட்டிரலாங்களா?"

"இப்ப வேண்டாம்மா. மாட்டினா வீணாப் போயிடும்."

"ஏனுங்க, தண்ணி வத்திருமா?"

"சேச்சே. தண்ணி வத்தாது."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தை எடுக்கப் போனாள்.

அவன் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னொரு முறை, நீளமாக.

பாவாயி திரும்பிப் பார்த்தாள்.

அவன் தடத்தின் நடுவில், அவசரமில்லாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.