கருமணல் பை

"அஸீம் நானா, உங்கட பை மட்டும் எப்பிடி அசையாம நிக்குது?" என்று அஞ்சலோ நேற்றுக் கேட்டிருந்தான். துவக்கின் முன்பக்கத்தைத் தாங்கும் மணல் பை கொஞ்சம் வழுக்கினாலும் குறி தப்பிவிடும்.

"உள்ளுக்குப் புல்மோட்டைக் கருமணல், தம்பி. மற்ற மணலைவிட ரெட்டிப்புக் கனம்."

இன்று துறைமுகத்துச் சுடும் கழகத்தின் இறுதிப் போட்டி. அஸீம் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரே மாதிரி இருந்த இருவரது பைகளையும் அஞ்சலோ மாற்றிவைத்தான். அஸீமின் இடத்தில் வைக்கத் தன் பையைத் தூக்கியபோது கை கனத்தது. களவு செய்கிற கை கனக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

போட்டியில் முதல் வெடிக்கே அவன் மாற்றி எடுத்த பை வழுக்கியது. ஐந்து குண்டும் ஐந்து பக்கம் போயின. வென்றவர் அஸீம்.

கைகொடுக்க வந்தவர் திகைத்துப்போய் நின்றார்.

"என்ன தம்பி நடந்தது? நேற்று உங்கட பை வழுக்கினதப் பாத்திட்டு, விடியவே வந்து எண்ட கருமணலை உங்கட பைக்குள்ள மாத்திப் போட்டனானே! உங்கட மணலோட நானே வெண்டிட்டன். எங்க, அந்தப் பையை ஒருக்காத் தூக்கிப் பாப்பம்."

அஞ்சலோ இரண்டு கைகளாலும் பையை அமத்திப் பிடித்தான். இப்போது அது அசையவே இல்லை.