முதல் சங்கு

மாதா கோயில் பங்கான கடற்கரை ஊரையும் மேற்கே இருந்த இரண்டு ஊராட்சிகளையும் சேர்த்து நகராட்சி ஆக்கிய அன்று, விழாப் பந்தலில் கோயில்பிள்ளை யாகப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் மணியடித்துக் கடற்கரையை நடத்தியவர்.

"இனி நகராட்சிச் சங்கு ஊதும் அண்ணாச்சி. நீங்க கயித்துல தொங்க வேண்டாம்லா," என்று சிரித்தார் மேற்கூர் சுடலைக்கண்ணு.

பன்னிரண்டு மணிக்கு ஆணையர் பொத்தானை அமுக்க, சங்கு ஊதியது. கடற்கரைக்காரர்கள் கோயிலின் மதிய மணிக்கு எழும் பழக்கத்தில் எழுந்து, சிலுவை போட்டு, மதிய செபத்தை முணுமுணுத்தார்கள். நகராட்சி என்றால் இப்படித்தான் போலும் என்று மேற்கூர்க்காரர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஆணையரும் நின்றார். சங்கு ஓய்ந்தது, செபமும் முடிந்தது. ஒருவரும் உட்காரவில்லை. பந்தியில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

"எப்பங்க உட்காரலாம்?" என்று ஆணையர் உதடசையாமல் கேட்டார்.

"கோயில்ல முடிவு மணி அடிக்கணும் சார். அதுவரைக்கும் அசையக் கூடாது," என்றாள் பக்கத்தில் நின்ற மீன்காரி சலேத்து.

அப்போதுதான் யாகப்பனுக்கு உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஓடவில்லை, மாப்பிள்ளை மாதிரி நடந்தார். மணிக்கோபுரம் ஏறிக் கயிற்றைப் பிடித்தவர் கீழே பார்த்தார். கடற்கரை, மேற்கூர், பாதியில் நின்ற பேருந்து, ஆணையர், எல்லாரும் அவரையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். நகராட்சி அழகாய்த்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.