பனியின் குரல்

பனி பாதி ஓநாய், பாதி நாய். அது குரைக்காது, ஊளையிடும். சாவு விழுமென்று தெருவே பயந்ததால் வினோதாவும் அவள் கணவர் ஞானசேகரும் மாதக்கணக்கில் பழக்கி அதை அமைதியாக்கியிருந்தார்கள்.

ஒரு நண்பகலில், தனியாக இருந்த வினோதா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பனி ஊளையிட்டது, நிறுத்தவேயில்லை. எதிர்வீட்டுச் செண்பகம் சண்டைக்கு வந்தாள்.

"நாயா வளக்குறீங்க? எமனையில்ல வளக்குறீங்க!"

திறந்திருந்த கதவு வழியே வினோதா கிடப்பதைப் பார்த்தவள், அலறிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

வினோதா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாலை, செண்பகம் கிண்ணத்தில் ஆட்டு ஈரலோடு வந்தாள்.

"இத எப்படிக் குடுக்கணும் வினோதா? எனக்குப் பயமா இருக்கு."

"உக்காந்துக்கங்கக்கா. அது கண்ணப் பாக்காம கைய நீட்டுங்க."

செண்பகம் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரல் துண்டோடு கையை நீட்டினாள். விரல்களில் சூடான மூச்சு பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.