வெள்ளிக்கிழமை விருந்து

அடுப்பின்மேல் கம்பியில் கோத்த மாட்டுத் தொடை வெந்துகொண்டிருந்தது. பெரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டே கம்பியைச் சுழற்றினாள். கத்தோலிக்கர்களுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீன்தான்; அன்று அவள் கறியைத் தொட்டதே இல்லை.

"வாசம் தெருமுனை வரைக்கும் போகணும். இது புராட்டஸ்டண்ட் வீடுன்னு பாக்காமலே தெரியணும்," என்றான் காஸ்பார். தங்கள் சத்திர வாசலில் இருந்த மாதா சிலையைச் சாக்கில் சுற்றி, காலி மாவுத் தொட்டிக்குள் அமுக்கிவிட்டு வந்திருந்தான்.

"அதுக்கு நம்ம வண்டி எருதுதானா கெடச்சுது?"

"ஊர்ல வேற எருது இருந்தா சொல்லு, மாத்திக்கலாம்."

செத்துப்போன பிரெஞ்சு ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு நவார் ராஜா. ஆனால் அவர் புராட்டஸ்டண்ட். அவரை ஏற்க மாட்டோம் என்று கதவைச் சாத்திய கத்தோலிக்க ஊர்களில் இதுவும் ஒன்று. நாற்பது நாள் வெளியே ஈ, காக்கை போகவில்லை, உள்ளே ஒரு சேதி வரவில்லை. பசி தாங்காமல் இன்று விடிந்ததும்தான் திறந்தார்கள்.

மதில்மேல் நின்று ராஜாவின் படையைச் சுட்ட பன்னிரண்டு பேர் கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். அதில் ஒருவன் லூபென், இவர்களின் ஒரே மகன். ராஜா ஓர் ஊருக்குள் முதல்முறை நுழையும்போது, ஊர் சார்பில் யாராவது கேட்டால் கைதிகளை விடுவது வழக்கம். விடாவிட்டால் சாயங்காலம் தூக்கு.

ராஜாவுக்கு முன்னால் வந்து இடம் பார்க்கும் அதிகாரி மெர்லாக், காலையிலேயே சத்திரக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுவிட்டார். "மத்தியானம் ராஜாவுக்குச் சாப்பாடு இங்கதான். ஆத்து மீன் ஏதாவது கெடைக்குமா பெரியவரே?"

மூலையில் தண்ணீர்த் தொட்டியில், விடிந்ததும் ஆற்றில் பிடித்த இரண்டு மீன் நீந்திக்கொண்டிருந்தன. காஸ்பார் நகர்ந்து அதை மறைத்து நின்றான். "மீனா? இந்த வீட்ல வெள்ளிக்கிழமை கணக்கெல்லாம் பாக்குறதில்லீங்க ஐயா. மாட்டுக்கறி போடுறேன்."

மெர்லாக் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த கதவில் குறி போடப் போய்விட்டார்.

"அந்த ஆளு பார்வையே சரியில்ல," என்றாள் பெரெட் இப்போது.

"சோதிச்சுப் பாத்தான். மீன் கொடுத்திருந்தா கத்தோலிக்கன்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பான். சரி, கீழ இருக்கிறவரை என்ன பண்ணலாம்?"

கீழே இருந்தது ஊர்ச் சாமியார் ஆம்புரூவாஸ். நேற்று இரவிலிருந்து நிலவறையில் மது பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"லூபெனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருங்க," என்றாள் பெரெட்.

"அவர் இங்க ஆப்புட்டா அந்த லூபெனே இருக்கமாட்டான்."

பெரெட் கம்பியை அப்படியே விட்டாள். தன் பழைய பாவாடையையும் முக்காட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"தாடி தெரியுதா?" என்று கேட்டார் சாமியார்.

"தெரியுது சாமி. குனிஞ்சே நடங்க. படகுக்காரன்கிட்ட வாயே திறக்காதீங்க."

"பையனுக்காக வேண்டிக்கிறேன்மா." பாவாடை தடுக்கத் தடுக்க அவர் பின்வாசல் வழியாக ஆற்றை நோக்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் பெரெட் கம்பியிடம் திரும்பி வந்தாள். கறி ஒரு பக்கம் கருகியிருந்தது.

காஸ்பார் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். எப்போதோ ஒரு புராட்டஸ்டண்ட் வியாபாரி பாடிய பைபிள் சங்கீதத்தில் நாலு வரி ஞாபகம் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தான். மூன்றாவது வரி ஒவ்வொரு தடவையும் மாறியது.

உச்சிவேளையில் மெர்லாக் வந்தார். கறி மணத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து, கத்தியை எடுத்து, தானே ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் ஏனோ வாடியிருந்தது.

காஸ்பாருக்கு உயிர் வந்தது. "எங்க பையன் லூபென் கோபுரத்துல இருக்கான் ஐயா. விவரம் தெரியாம துப்பாக்கியைத் தூக்கிட்டான்."

"பன்னெண்டு பேரையும் விட்டுடலாம்னு ராஜா சொல்லிட்டாரு."

பெரெட் அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"ஆனா வழக்கப்படி நடக்கணுமாம். ஊர் சார்பா உங்க சாமியாரே முன்னால வந்து கேக்கணும். அவர் கேக்கலைன்னா தூக்குதான்."

இதுவும் சோதனைதான் என்று காஸ்பாருக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தினான். "சாமியாரா? அவரை இந்த வீட்லேருந்தே விரட்டியாச்சுங்க. இந்நேரம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பாரு."

மெர்லாக் கத்தியைக் கீழே வைத்தார்.

"பெரியவரே, ஒம்பது வருஷம் இந்த ராஜாவுக்காகச் சண்டை போட்டவன் நான். எங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுல போனாங்க. வெள்ளிக்கிழமை கறி தின்ன எனக்கு இன்னும் மனசு கூசல. நான் மாறல."

"வேற யாரு மாறினது?" என்றாள் பெரெட். 

நாற்பது நாளாக ஊமையாகக் கிடந்த கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. காஸ்பார் ஜன்னலுக்கு ஓடினான். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ராஜாவின் சிப்பாய்கள்.

மெர்லாக் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"ராஜா கோயில்ல உங்க சாமியாரோட பூசைக்குக் காத்திருக்காரு."