புதுத் தாடை

பல் மருத்துவரின் கணவர் பழைய ஜப்பானிய வீடியோ கேம் ஒன்றில் மூழ்கிக் கிடந்தார். அதில் நாம் ஒரு மீன். மற்ற மீன்களைத் தின்று புள்ளி சேர்த்தால் தாடை, துடுப்பு, கால் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கரையேறலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மீனுக்குப் பெரிய தாடை வாங்கி, மனைவியிடமும் காட்டினார்.

மறுநாள் காலை, ஈறு அரிக்கிறது என்று மனைவியின் கிளினிக் நாற்காலியில் வந்து சாய்ந்தார். அவள் எக்ஸ்ரே எடுத்தாள். கீழ்ப்பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை முளைத்திருந்தது. போன மாதம் அவளே சுத்தம் செய்த வாய் அது. படம் மாறிவிட்டதோ என்று மறுபடி எடுத்தாள். அதேதான்.

"என்னங்க இது?"

"தெரியல. ஆனா நல்லாக் கடிக்க முடியுது. விட்டுடேன்."

பிடுங்குவதா, விடுவதா? அவள் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது, திரையில் அந்த மீன் கரையோரம் காத்து நின்றது.

"கால் வாங்கற அளவுக்குப் புள்ளி சேர்ந்துடுச்சு," என்றார் கணவர். "வாங்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க!" அவள் ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அதான் ரெண்டு இருக்கே!"

அவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"மீனுக்குத்தானே கேட்டேன்?"