பூவுக்கு அனுமதி இல்லை

பூவைக் கண்டாலே பிடுங்கிப் போடுகிற ஜெயமணி, அன்று காலையில் தானே போய் ஒரு முழம் மல்லி கேட்டாள். பூக்கார வெள்ளையம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜெயமணி தாலியறுத்து வருஷக்கணக்காகிறதே!

"யாருக்குக்கா பூவு?"

"எம் மக மாதிரி ஒருத்தி. நீ நெருக்கமா கட்டினதா பாத்துக் குடு."

பைக்குக்கு வேண்டிய மட்கார்டு, சைடு கவர் என்று அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி அது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் இருக்கிறது. பெயிண்ட் அடிக்கிற அறைக்குள் போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவதுதான் ஜெயமணியின் வேலை.

தலையில் பூ, எண்ணெய், முகத்தில் பவுடர் எதுவும் கூடாது. துளி பட்டாலும் போச்சு, ஈரப் பெயிண்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடும். அதனால் எல்லோரும் வெளி அலமாரியில் இருக்கிற அவரவர் டப்பாவில் பூவை வைத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் எடுத்துச் சூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

சத்யப்ரியா மட்டும் அடங்குகிற ரகமில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். புருஷன்காரன் தினமும் பைக்கில் கொண்டுவந்து இறக்கி, கேட்டிலேயே பூ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். இவள் அதைக் கொண்டைக்குள் செருகி, மேலே வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்து நிற்பாள்.

ஒருநாள் ஒரு லோடு சாமான் அப்படியே குழி விழுந்து திரும்பி வந்தது. சூப்பர்வைசர் விஜயகுமார் ஜெயமணியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்தக் கடுப்பில் அவள் சத்யப்ரியாவின் தொப்பியை எல்லோர் முன்னாலும் உருவி, பூவைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள்.

"இது என்னா கம்பெனியா, கல்யாண மண்டபமா? உன்னால எம் பொழப்புல்ல போவுது!"

சத்யப்ரியாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "வெச்சுக்க உங்களுக்குக் குடுத்து வைக்கல. அந்த வயித்தெரிச்சல எங்ககிட்ட ஏன் காட்டுறீங்க?"

பாவி மகள், நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டாள். ஜெயமணி நேரே விஜயகுமாரிடம் போய், "இவ இருந்தா நான் இருக்க மாட்டேன் சார்" என்றாள். அன்றைக்கு வேலை கிடையாதென்று சத்யப்ரியாவை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மனசு கேட்காமல் ஜெயமணி குருபரப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து ரூமில் இருந்த பீகார் பையன்கள், "ஊருக்கு, ஊருக்கு" என்று கையைக் காட்டினார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் அவளுக்கு.

அதற்கப்புறம் ஜெயமணிக்குச் சோறு இறங்கவில்லை. சின்னப் பெண் ஏதோ கோபத்தில் உளறினாள், அதற்காக அவள் பிழைப்பையே கெடுத்துவிட்டோமே என்று தினமும் தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு யாரையாவது சேர்ப்பதற்கு முன் அவளைக் கூப்பிடுங்கள் என்று விஜயகுமாரிடம் கெஞ்சியதும் அவள்தான். முந்தின நாள் சாயங்காலம் அவர், "நாளைக்கு வர்றாளாம், ஆள் அனுப்புற கான்ட்ராக்டர் சொன்னாரு" என்றதும் ஜெயமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால்தான் இந்த மல்லி.

சத்யப்ரியா பைக்கில் வரவில்லை. மற்றவர்களோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். புருஷன் ஆசைப்பட்டுப் பூ வாங்கிக் கொடுத்துவிடுவானோ என்று பயந்தே பஸ்ஸில் வந்திருக்கிறது பாவம் என்று ஜெயமணி நினைத்துக்கொண்டாள்.

சத்யப்ரியா பெயிண்ட் அறை வாசலுக்கு வரும்போதே வெள்ளை உடுப்பு, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டியிருந்தாள். நெற்றியெல்லாம் மூடி, கண் மட்டும்தான் தெரிந்தது. சோதிப்பதற்காகத் தலையைக் குனிந்தாள்.

"உன்ன நான் சோதிக்கல கண்ணு. நிமிரு."

ஜெயமணி அலமாரியிலிருந்து சத்யப்ரியாவின் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். கமகமவென்று வாசனை தூக்கியது.

"நானே வாங்கியாந்தேன். சாயங்காலம் எங் கையால வெச்சு உடறேன். உன் ஊட்டுக்காரரு கேட்டுக்கு வந்து நிக்கறப்ப, தல நெறைய பூவோட போவணும் நீ."

சத்யப்ரியா பூவைத் தொடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று இறங்கி மாஸ்க்கை நனைத்தது.

"அழுவாத கண்ணு. நீ சொன்னத நான் அன்னிக்கே மறந்துட்டேன். நான் செஞ்சதுதான் பெரிய தப்பு, மன்னிச்சிரு." ஜெயமணி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எம்மேல இருக்கற கோவத்துலதான ஊருக்குப் போயிட்ட?"

சத்யப்ரியா இல்லையென்று தலையாட்டினாள்.

"அவர அடக்கம் பண்ணப் போனேன்க்கா."