மஞ்சள் கடவை

பஞ்சலிங்கம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வீதியோரத்தில் குந்தியிருந்தார். தலைக்குமேல் குடை, நெற்றியில் திருநீறு, முதுகுக்குப் பின்னால் அவருடைய சைவச் சாப்பாட்டுக் கடை. முட்டை என்ற சொல்லைக்கூட அந்தக் கடைக்குள் அவர் சொல்லவிட்டதில்லை.

"சனம் றோட்டைக் கடக்க மஞ்சள் கடவை போடாமல் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன்" என்று சொல்லியிருந்தார். கண் மட்டும் மறுகரையை விட்டு அசையவில்லை.

கீரிமலைக்குப் போகிற வழியிலுள்ள அந்தச் சின்னக் கடைத்தெருவுக்கு அழகே அதன் ஒடுக்கம்தான். இந்தப் பக்கம் கத்தரிக்காய், அந்தப் பக்கம் பேக்கரியில் பாண் வாங்கி, நடுவில் நின்று ஊர்வம்பும் வாங்கிக்கொண்டு போகலாம். பிறகு வீதியை அகலமாக்கி, நடுவில் இரும்பு வேலியும் போட்டார்கள்.

அதோடு வாகனங்கள் பறந்தன. சனம் ஓரமாய் ஒதுங்கியது. மறுகரைக்குப் போவதென்றால் சந்திவரை நடந்து சுற்றிவர வேண்டும். பஞ்சலிங்கத்தைப்போல முழங்கால் நோ உள்ளவர்களுக்கு எதிர்க்கடை வெளிநாடாகிவிட்டது.

"வீதி அகலிச்சால்தானே அண்ணை ஊர் முன்னேறும்?" என்று பிரதேச சபைத் தவிசாளர் இராசநாயகம் வந்து கெஞ்சிப் பார்த்தார்.

"முன்னேறுதுதான் தம்பி. ஒருத்தரும் நிக்காமல் முன்னேறிப் போயினம்."

மனைவி அருந்ததி சுடச்சுட உழுந்து வடையோடு குடைக்குள் தலையை நீட்டினாள். வடையைக் கண்டதும் பஞ்சலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கென்ன விசரே? அங்காலை மியூரியலின்ரை பேக்கரிக்குப் போக ஏலாமல் இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க எங்களிட்டைத்தான் வருது. வடை சுட்டு மாளேல்லை. கடவை போட்டால் எல்லாம் அங்கை ஓடிடும்!"

"ஓடட்டும். தெரு எண்டால் ரெண்டு கரையும் ஒண்டாய் இருக்கோணும்."

கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்குக் கண் கலங்கியது. "தன்ரை வியாபாரத்தையும் பாராமல்! மனுசன் எண்டால் உவர்தான்" என்று சைக்கிள்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

மத்தியானம் பஞ்சலிங்கத்தின் தலை ஒரு பக்கம் சரிந்தது. இராசநாயகம் பதறிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தார். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலி அறுபட்டது, மஞ்சள் கோடுகள் விழுந்தன. சபை வேலை இவ்வளவு வேகமாக முடிந்ததை நம்பமுடியாமல், பூசியவர்களே தொட்டுப் பார்த்து விரலை மஞ்சளாக்கிக்கொண்டார்கள்.

"இந்தாங்கோ அண்ணை, குடிச்சு உண்ணாவிரதத்தை முடியுங்கோ" என்று செவ்விளநீரை நீட்டினார் இராசநாயகம்.

"வேண்டாம் தம்பி. அங்காலை போய்த்தான் முடிப்பன்."

கூட்டம் கைதட்டியது. அருந்ததிக்கே பெருமை தாங்கவில்லை. சாமிப் படத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்துவந்து அவர் கழுத்தில் போட்டாள்.

நொண்டி நொண்டி, காயாத மஞ்சளில் செருப்பு ஒட்ட ஒட்ட, பஞ்சலிங்கம் வீதியைக் கடந்தார். ஊரே பின்னால் போனது. முன்னால் அருந்ததி.

பேக்கரி வாசலில் நின்ற மியூரியலுக்கும் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"வழமையான ரெண்டு மட்டன் றோல்ஸ்தானே, அண்ணை?"